மாலை போடுற இடத்துல மட்டும் மழை

சிவகாசியில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிவி கடைக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கப் போவதுண்டு. அங்கே இப்போது சர்வீஸ் பிரிவு ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. ஏசி ஓடுகிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஸ்குரூ டிரைவர்தான் கண்ணில் படுவதில்லை. கெட்டுப்போன போர்டைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள், வேறு போர்டு வந்தால் மாட்டுகிறார்கள். போன முறை போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் என்னை உட்கார வைத்து, "சார், நீங்க டெக்குக்குள்ள இருந்து பொரியும் கடலையும் அள்ளுனீகளாமே, நெசந்தானா?" என்று கேட்டார்கள். கேட்ட மாதிரியில் கேலி இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் பேச வராது, எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

டெக் என்றால் வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. அதன் நெற்றியில் வி.சி.ஆர். என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. டெக், அவ்வளவுதான்.

விருதுநகரில் ரேடியோ மெக்கானிக் படித்தேன். மதுரையில் ஒரு கடையில் கொஞ்ச காலம் திட்டு வாங்கினேன். பிறகு சிவகாசிக்கு வந்து அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். படிப்பு என்று சொன்னால் இந்த மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர். வாடிக்கையாளர்களிடம் அப்படி ஒரு குழைவு. "வாங்க, வாங்க, உக்காருங்க, மிஷினுக்கு என்ன செய்யுது?" என்று, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வந்தவர்களிடம் கேட்பது போலக் கேட்பார். எங்களிடம் அந்தக் குழைவெல்லாம் கிடையாது, புருவம் மட்டும்தான். இடது புருவம் ஏறினால் செய்தது தப்பு. இரண்டும் ஏறினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதன் மேல்பக்கத் துவாரங்களில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். மோட்டார் கருகிய வாசம், பல்லி செத்த வாசம், சந்தன வாசம் என்று ரகம் பிரித்துச் சொல்லிவிடுவார். சந்தன வாசம் எப்படி என்று கேட்கிறீர்களா? ஆயுத பூஜைதான்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு எந்த மிஷினையும் விட்டுவைக்க மாட்டார்கள். டெக்கும் மிஷின்தானே. அதற்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். அதோடு விட்டால் பரவாயில்லை. கேசட் போடும் வாய் தோதாகத் திறந்து மூடுவதைப் பார்த்து, சாமிக்குப் படைத்த பொரிகடலையில் ஒரு பிடியை அதற்கும் ஊட்டி விடுவார்கள். பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் கடை வாசலில் டெக்குகள் வரிசை கட்டும். மூடியைக் கழற்றி, கவிழ்த்து, முதுகில் இரண்டு தட்டு தட்டினால் பொரி கொட்டும். ஒரு பாட்டையா நான் குப்பைக்குக் கொண்டுபோனதைத் தடுத்து, "பிரசாதம்ப்பா அது" என்று துண்டில் முடிந்துகொண்டு போனார். ஆக, நெசம்தான்.

இன்னொன்று வெள்ளி. பட்டாசு ஆபீஸ் என்பது எங்கள் பக்கம் தொழிற்சாலைக்குப் பெயர். அங்கே மருந்து கலக்கிறவர்கள், அடைக்கிறவர்கள் கையில் அலுமினியப் பொடி ஏறிவிடும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் ரேகைக்குள் மினுங்கும். அந்தக் கையால் கேசட்டை எடுத்துப் போட்டால் பொடி ஹெட்டில் ஒட்டும். ஹெட் என்பது டேப்பைப் படிக்கிற உருளை. அதில் தூசி பட்டால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். "மழை பெய்யுது" என்பார்கள். வேறு ஊர் மெக்கானிக்குக்கு ஹெட்டில் கறுப்பு அழுக்கு வரும். எங்களுக்குப் பஞ்சில் வெள்ளி வரும்.

வீட்டுக்குப் போய் வேலை பார்ப்பதற்கு அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். உள்ளே போனதும் பெட்டியைத் தொடக்கூடாது. முதலில் தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டும். குடிக்கிற நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலையில் பட்டாசுக்கான காகிதக் குழாய் அடுக்கியிருக்கிறதா, திரி காய்கிறதா என்று. பிறகு வாய்விட்டும் கேட்க வேண்டும்: "வீட்டுல திரி, மருந்து ஏதும் இருக்கா?" எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன பிறகும், ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னை வீட்டுக்குள் சூடேற்றக்கூடாது. வயரை இழுத்து வெட்டவெளிக்குக் கொண்டுபோய்த்தான் பற்ற வைக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில், "அதான் இல்லைன்னு சொல்லிட்டாகளே அண்ணாச்சி" என்றேன். இரண்டு புருவமும் ஏறின.

பழைய டெக்கை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கும் திட்டம் வந்தபோது, அதற்கும் முறை வகுத்தார். கடையின் டெமோ கேசட்டைப் போட்டுக் காட்டக்கூடாது, அதில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். அந்த வீட்டுக் கேசட்டையே போட வேண்டும். முதல் பட்டனை அந்த வீட்டில் மூத்தவர் அமுக்க வேண்டும். படத்தை நிறுத்திவைக்கிற போஸ் பட்டனை விளையாட்டுக்குக்கூடப் போட்டுவிட்டு நிற்கக்கூடாது. டேப் நகராமல் நிற்க, ஹெட் மட்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிடும். கிளம்பும்போது பழைய டெக்கை வாசலில் கவிழ்த்துத் தட்டி, உள்ளே இருப்பதை வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட வேண்டும். ஊக்கு, தோடு, பொரி, எதுவானாலும்.

எம். புதுப்பட்டி மாரியம்மாள் வீட்டு டெக் எனக்கு நேர்ந்துவிட்ட டெக். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஊர் பாதி சிடிக்கு மாறியிருந்தது. மாரியம்மாள் பட்டாசு ஆபீஸில் புஸ்வாணம் அடைக்கிறவர். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது, குரலைத் தணிக்கவும் தெரியாது. கணவர் சங்கரலிங்கம் நோயில் காலமாகியிருந்தார். வாடகைக்கு விடும் ஒரு வீடியோ கடை மூடியபோது, ஓடித் தேய்ந்திருந்த ஒரு டெக்கை அவர்தான் வாங்கிப் போட்டது. அதனுடன் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று. அந்த டெக்கில் அந்த வீட்டில் முக்கியமாக ஓடியது ஒரே கேசட், மூத்த மகளின் கல்யாணக் கேசட்.

புகாரும் எப்போதும் ஒன்றேதான். "தம்பி, மத்த எடமெல்லாம் சுமாராத் தெரியுது. மாலை போடுற எடத்துல மட்டும் மழை பெய்யுது."

ஹெட்டைத் துடைத்தேன், பஞ்சில் வெள்ளி வந்தது. பெல்ட்டை மாற்றினேன். படத்தைச் சீராக்குகிற டிராக்கிங் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் தெளியும். மாலை போடும் இடம் வந்ததும் திரை முழுக்கப் பொரிந்து தள்ளும். கடைக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். "அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுத் தேச்சிருப்பாக" என்றார். அதை அப்படியே மாரியம்மாளிடம் போய்ச் சொன்னேன். "தெரிஞ்சாத்தானேய்யா திருப்பிப் போட? மொத நாள்லருந்தே மழதான். தெரியாத படத்த எவன் தேப்பான்?" என்றார்.

அந்த இடம் எதற்காக அவ்வளவு முக்கியம் என்பது, இளைய மகள் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாரியம்மாளுக்கு ஒரே தம்பி, பெருமாள். சாத்தூரில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் கைப்பிடித்து அழைத்து வராமல் பெண் மேடை ஏற முடியாது. அப்படி அழைத்து வருகிறவருக்குப் பெண்ணைப் பெற்றவர் மேடையில் முதல் மாலை போட வேண்டும். மூத்தவள் கல்யாணத்தில் முதல் மாலை தனக்கு விழவில்லை, பட்டாசு ஆபீஸ் முதலாளிக்குத்தான் விழுந்தது, தனக்கு இரண்டாவது மாலைதான் என்பது பெருமாள் கட்சி. அன்றோடு அக்கா வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார். மச்சான் செத்ததற்கு வந்தவர், வாசலில் நின்றபடியே போய்விட்டார்.

"எம் புருசன் அப்படிச் செய்யமாட்டாரு. மொத மாலை பெருமாளுக்குத்தான்னு ராவெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் மேடைக்குப் போனாரு" என்பது மாரியம்மாள் கட்சி. அவர் அப்போது சமையல்கட்டில் இருந்ததால் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவர்களோ ஆளுக்கொன்று சொன்னார்கள். போட்டவர் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கேசட். அதிலும் மழை.

செல்வி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது பெருமாள் சொல்லியனுப்பிய பதில் இது: "கேசட்டுல எனக்குத்தான் மொத மாலைன்னு காட்டச் சொல்லுங்க, வாரேன். இல்லையா, அந்த முதலாளியவே தாய்மாமனா நிக்கச் சொல்லுங்க."

மாரியம்மாள் நேராகக் கடைக்கு வந்தார். செல்விக்குச் சீராகக் கொடுக்கக் கலர் டிவி ஏற்கெனவே வாங்கியாயிற்று; அதோடு டெக்கும் ஒன்று வேண்டும், இருக்கிறதிலேயே நல்லது. அண்ணாச்சி குழைந்தபடியே சிடி பிளேயரைக் காட்டினார். "அதுல எங்க கேசட்ட எந்த வழியா நுழைக்க?" என்றார் மாரியம்மாள். வெளியே ஸ்டூடியோவில் கொடுத்து சிடியாக்கிக்கொள்ளலாமே என்று நான் வாயைக் கொடுத்தேன். "மாலையத் தொலைச்சதே ஒரு ஸ்டூடியோக்காரன்தான். இன்னொருத்தன் கையில தாலியையும் சேத்துத் தொலைக்கவா?" என்றார். நாலு ஹெட் வைத்த புது டெக் ஒன்று கடைசியாக இருந்தது. போஸ் போட்டால் படம் ஆடாமல் நிற்கும், ஒவ்வொரு படமாக நகர்த்தலாம். பழையதை எடுத்துக்கொண்டு அதைத் தருவதாகப் பேச்சு.

நான் புது டெக்கைக் கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தெருவே இருந்தது. பெருமாளையும் வரவழைத்திருந்தார்கள். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு, வாசல்படிக்கு வெளியே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படி ஏறமாட்டாராம், அங்கிருந்தே பார்ப்பாராம். அதற்காக டிவியை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாரும் கழுத்தைத் திருகிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

தண்ணீர் கேட்டுக் குடித்தேன். "திரி, மருந்து ஏதும்…" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க மொதல்ல மாலையப் போடுங்க" என்றார் மாரியம்மாள். கலர் டிவி சீர் சாமான் என்பதால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவிடவில்லை. வயரை மாட்டினேன். மூத்தவர் என்ற முறையில் மாரியம்மாளே பட்டனை அமுக்கினார்.

படம் வந்ததும் தெருவே ஓவென்றது. அத்தனை காலமும் சாம்பலாகத் தெரிந்த கல்யாணம் கலரில் வந்தது. பெண்ணுக்குக் கத்தரிப்பூப் பட்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. யார் யார் பந்தியில் இலையை மூடாமல் எழுந்தார்கள் என்பது வரைக்கும் துல்லியம். பெருமாளும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பெண்ணை அவர் கைப்பிடித்து அழைத்து வருகிறார். மேடை ஏறுகிறார். சங்கரலிங்கம் கூடையிலிருந்து மாலையை எடுக்கிறார்.

மழை பொழிந்தது.

ஆனால் இந்த முறை மழை தங்க நிறமாக இருந்தது. கீழேயிருந்து கிளம்பி மேலே விரிந்து, இரண்டு பக்கமும் வழிந்தது. புது டெக்கும் போச்சா என்று பெட்டிக்குள் கையை விடப் போனேன்.

"இருங்க தம்பி" என்றார் மாரியம்மாள். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "இது மழ இல்ல. இது புஸ்வாணம்."

புஸ்வாணமேதான். கல்யாண வீடியோ எடுத்தவர், முக்கியமான கட்டம் என்று நினைத்து, மாலை போடும் காட்சியின் மேல் புஸ்வாணத்தை மிக்ஸிங் செய்து ஓடவிட்டிருக்கிறார். பட்டாசுக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்பதால் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். தேய்ந்த டெக்கும் கறுப்பு வெள்ளை டிவியும் சேர்ந்து அதை மழையாக்கிவிட்டன. நானும் அண்ணாச்சியும் இத்தனை காலமும் புஸ்வாணத்தைத்தான் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு எந்த ஊரிலும் நடக்காது. கூட்டம் மாலையை மறந்துவிட்டது.

"நம்ம ஆபீஸ் சரக்கு இல்ல இது. பொறி இம்புட்டுக் கட்டையா விழுது பாரு."

"அடைப்பு சரியில்ல. சாஞ்சு எந்திரிக்கி."

"மருந்து ஈரமா இருந்திருக்கும்" என்று வாசலிலிருந்து பெருமாளும் கருத்துச் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சண்டைக்காரர் என்பது அவருக்கு நினைவு வந்தது. "ஏ மெக்கானிக்கு, அந்தப் புஸ்வாணத்த அணைச்சுத் தொலைங்க. மாலை யாருக்குன்னு தெரியணும்" என்றார்.

அணைக்க முடியாது. ஆனால் இந்த டெக்கில் ஒவ்வொரு படமாக நகர்த்தலாமே. ரிமோட்டை எடுத்து, பின்னால் ஓட்டி, போஸ் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பொறி, பொறி, பொறி. நடுவில் ஒரு இடத்தில் புஸ்வாணம் சற்றுத் தணிந்து, மேடை தெரிந்தது. அதில் மாலை முதலாளியின் கழுத்தில் இருந்தது.

பெருமாள் எழுந்து நின்றார். "பாத்தியாக்கா? சொன்னேன்ல? நல்லாப் பாத்துக்கோ" என்றார். சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாரியம்மாள் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி வரமாட்டான் என்பது மட்டுமா, புருஷன் சொன்ன சொல்லும் பொய்யாகிவிட்டதே. பொருளை விற்கப் போன இடத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று ரிமோட்டைக் கீழே வைக்கப் போனேன்.

செல்வி ஒரு மூலையில் நின்றிருந்தாள். "மெக்கானிக்கண்ணே, அதுக்கு முந்துன படத்தப் போடுங்க" என்றாள்.

ஒன்று பின்னால் தள்ளினேன். பொறி. இன்னும் ஒன்று. பொறிகளுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிற படம் நின்றது.

மாலை இன்னும் அந்தரத்தில், சங்கரலிங்கத்தின் வலது கையில். அது போய்க்கொண்டிருந்தது பெருமாளை நோக்கித்தான். நடுவில், பக்கத்துப் படி வழியாக அப்போதுதான் மேடை ஏறிய முதலாளி, தலையைக் குனிந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. போகிற கல்யாணம், திறக்கிற கடை எல்லாவற்றிலும் அவருக்கு மாலை விழும். மாலையைக் கண்டால் தலை தானாகக் குனிந்துவிடும்.

"மாமா, அப்பாவோட எடது கையப் பாருங்க" என்றாள் செல்வி.

சங்கரலிங்கத்தின் இடது கை பெருமாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கூச்சப்பட்டுப் பின்னால் நிற்கிறவரை முன்னால் இழுக்கிற பிடி. நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். மாலை முதலாளி கழுத்தில் விழுந்துவிட்டது, இடது கை விடவில்லை. அதற்கடுத்த படம். விடவில்லை. இரண்டாவது மாலையைக் கூடையிலிருந்து எடுக்கும்போதும் விடவில்லை.

பெருமாள் எப்போது படியேறி உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஆமாக்கா" என்றார். "இழுத்தாரு. நாந்தான் வேண்டாம் வேண்டாம்னு பின்னால போனேன். வளையல் தடம் மாதிரி செவந்து கெடந்துச்சு." தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்த மொதப் படத்துலயே நிப்பாட்டுங்க" என்றார்.

நிறுத்தினேன். சற்று நேரத்தில் டெக் தானாகவே போஸை விட்டுவிட்டது. டேப்பைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனி வைத்திருக்கிற ஏற்பாடு அது. மறுபடி தேடி நிறுத்தினேன். மறுபடி விட்டது. அண்ணாச்சியின் புருவம் கண் முன்னால் வந்துபோக, "ஒரே எடத்துல வச்சுக்கிட்டே இருந்தா டேப்பு தேஞ்சு போயிரும்" என்றேன்.

"தேயட்டும்" என்றார் பெருமாள். "இனி அத வச்சுச் சண்டையா போடப் போறோம்?"

மாரியம்மாள் அழுதுகொண்டே, "ஏலே, நிக்காத, உக்காரு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். நான் கிளம்பும்போது பழைய டெக்கை வாசலில் கவிழ்த்துத் தட்டினேன். பொரியும் ஒரு ஊக்கும் விழுந்தன. கடைக்கு வந்ததும் அண்ணாச்சி அந்தப் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னதான்லே கோளாறு அதுல?" என்றார். "புஸ்வாணம் அண்ணாச்சி" என்றேன். முழுக்கதையும் சொல்லி முடித்த பிறகும் ஏறிய இரண்டு புருவமும் இறங்கவில்லை.

செல்வி கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. வீடியோக்காரரிடம் மிக்ஸிங் எதுவும் கூடாது என்று பெருமாளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். முதலாளியும் வந்திருந்தார். மாலைக் கூடையை மேடைக்குக் கொண்டுவந்ததும் பழக்கதோஷத்தில் அவர் தலை குனியத் தொடங்க, பெருமாள் அவர் தோளைத் தொட்டு, "முதலாளி, செத்த இருங்க, இது எம் மாலை" என்றார். மண்டபமே சிரித்தது, முதலாளியும் சிரித்தார்.

ஆனால் மாலையைப் போடுவது யார்? பெண்ணைப் பெற்றவர் இல்லை. மூத்த மருமகன் போடட்டும், பங்காளி யாராவது போடட்டும் என்று மேடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாரியம்மாள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் இல்லாதவர் மேடை ஏறுவதில்லை என்பதால், அவர் தூணுக்குப் பின்னால், தன் மகள் கல்யாணத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் மேடையைவிட்டு இறங்கினார். தூணுக்குப் பின்னால் போனார். "வேண்டாம்லே, விடுலே, ஊரு என்ன சொல்லும்" என்று மாரியம்மாளின் குரல் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, இழுத்துக்கொண்டே மேடை ஏற்றினார். கூடையிலிருந்த மாலையை அவர் கையில் கொடுத்து, தலையைக் குனிந்து நின்றார். மாலை கழுத்தில் விழுந்த பிறகும் பிடித்த கையை விடவில்லை.

நான் வீடியோக்காரருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். படத்தில் தெளிவாக விழுந்திருந்தது.